புதன், சனி

ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும்.
ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும்.
மிச்சமிருக்கிறவர்கள் புதன், சனி.
ஞாயிறு கடை கிடையாது,
பசிக்கும் அன்று லீவு என்று நினைத்தார்களோ என்னவோ.

நாங்கள் வீராசாமி. வி.
எங்களுக்குப் பின்னால் நாலே எழுத்து.

போர்லூயி துறைமுகத்தில்
ஒரே கப்பலிலிருந்து இறங்கிய அண்ணன் தம்பி இரண்டு பேர்.
பெயரென்ன என்று கேட்ட குமாஸ்தாவிடம்
அண்ணன் தன் பெயரைச் சொன்னான்: அப்பாவு.
தம்பிக்குக் கேள்வி விளங்கவில்லை,
அப்பன் பெயரைச் சொல்லிவிட்டான்.
அத்தனை வருஷம் கழித்து
அப்பாவு வம்சம் திங்கட்கிழமை அரிசி வாங்குகிறது.
நாங்கள் புதனன்று போய்
அரிசி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ரோஸ்ஹில் சூப்பர்மார்க்கெட் வாசல்.
தரையில் சுண்ணாம்பு வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு ஆள்.
ஐந்து மணிக்கு வந்து நின்றேன்.
கோர் தெ கார்த் மலைக்கு வெயில் வந்தது,
பிறகு எங்களுக்கும் வந்தது.
உள்ளே அரை மணி நேரம் தருவார்களாம்.
முன்வட்டத்து மதாம் ரவினா
புருஷனின் வேலை அனுமதிக்கு மூன்று முறை விண்ணப்பித்ததையும்
மூன்று முறையும் நன்றி என்று பதில் வந்ததையும்
முகமூடிக்குள்ளிருந்தே சொல்லி முடித்தாள்.

அப்போதுதான் பங்காளி மூர்கன் வந்தான்.
அப்பாவு. ஏ. புதன்கிழமை.

போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார்.
இன்றைக்கு ஏ இல்லை.
பால் எனக்கில்லை, பிள்ளைக்கு. பத்தொன்பது நாள்.
பிள்ளைக்கு என்ன பெயர்?
இன்னும் பதியவில்லை. பதிவு ஆபீஸ் பூட்டியிருக்கிறது.

போலீஸ்காரர் யோசித்தார்.
அவரைக் குறை சொல்லமாட்டேன், நிஜமாகவே யோசித்தார்.
உத்தரவுத் தாளை முன்னும் பின்னும் திருப்பினார்.
எழுத்தில்லாத பிள்ளைக்கு
எந்தக் கிழமை பால் என்று
அதில் எங்கும் போட்டிருக்கவில்லை.
"கி பூ ஃபேர்," என்றார்,
எங்களிடம் கேட்பதுபோல.

டின்னை நான் எடுத்தேன்.
ஒரு ஆளுக்கு ஒன்று.
கல்லாவில் இருந்த பெண் என் நரையைப் பார்த்தாள்,
டின்னைப் பார்த்தாள்,
விலையை மட்டும் சொன்னாள்.
வேலிக்கு மேலாக மூர்கனிடம் நீட்டினேன்.
கடத்தல்காரியைப் போல இருந்தது.
அவன் அதை வாங்கி
சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ராத்திரி டிவியில் மந்திரி.
பின்னால் கொடி, பக்கத்தில் பூங்கொத்து,
மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில்.
நாட்டைத் திறப்போம் என்றார், அவசரமில்லாமல், பிரெஞ்சில்.
தமிழில் எப்படி வரும் என்று சொல்லிப் பார்த்தேன்:
படிப்படியாக.
அவருக்கு அது மாடிப்படி.
எனக்கு அரிசி அளக்கும் படி.
அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கவிழ்ந்து கிடக்கிற படி.

புயலுக்காவது நாலு எச்சரிக்கை உண்டு.
ஒன்று என்றால் மெழுகுவத்தி வாங்குவோம்,
மூன்று என்றால் ஜன்னலுக்குப் பலகை அடிப்போம்,
நாலும் போனபின் ரேடியோ சொல்லும்: வெளியே வரலாம்.
வந்து, விழுந்த பப்பாளி மரத்தைப் பார்ப்போம்.
இதற்கு இரவு எட்டு மணிக்கு ஒன்று சொல்கிறார்கள்,
விடிந்தால் அதற்கு விளக்கம்,
மத்தியானம் விளக்கத்துக்குத் திருத்தம்.
தையல் ஃபாக்டரி திறந்ததாம், பஸ் இல்லை.
பஸ் வந்ததாம், பாஸ் இல்லை.
பாஸ் கொடுக்கும் ஆபீசுக்கு
பாஸ் இருந்தால்தான் போகலாம்.

நோயைச் சொல்லவில்லை நான்.
நோய்க்கு ஏபிசிடி தெரியாது.

கடைசியில் பதிவு ஆபீசும் திறந்தது.
அதுவும் படிப்படியாக:
முதலில் மரணம்,
மூன்று வாரம் கழித்துப் பிறப்பு.

மூர்கன் போய் வரிசையில் நின்றான், திங்கட்கிழமைதான்.
குமாஸ்தா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
பெயரென்ன என்று கேட்டாராம்.
யாருடைய பெயர் என்று
இவன் திருப்பிக் கேட்டானாம்,
இரண்டு தடவை.

பிள்ளைக்கு அதற்குள் தலை நின்றுவிட்டது.